யாரு பேசணும்னு ஊரே முடிவு பண்ண படம்: போரலூலா, ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த கேஸ், யாருக்காக

ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்கள பத்தி படம் பாக்கணும்னு தேடுனா நாலஞ்சு பெரிய படம்தான் திரும்ப திரும்ப கண்ணுல படும். 1981 ல முடிஞ்ச 'டூ லாஸ்' (ரெண்டு சட்டம்னு அர்த்தம்) அந்த லிஸ்ட்ல பெரும்பாலும் இருக்காது. 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்தது, 130 நிமிஷம், யான்யுவா மொழியில அதோட பேரு 'கன்மர்தா யுவா'. படத்த பத்தி நல்லாருக்கு நல்லால்லன்னு விமர்சனம் எழுதுறது இங்க நோக்கமில்ல. அந்த படம் உருவான விதம்தான் கேஸ். போரலூலாங்கற ஒரு ஊரு தன்னோட கதைய படமாக்க ஆள கூப்பிட்டு, கேமரா எங்க உக்காரணும், யாரு பேசணும், எத எடுக்கக்கூடாதுன்னு எல்லாத்தையும் தானே முடிவு பண்ணுச்சு. டாக்குமெண்டரி எடுக்குறவங்க, ஒரு சமூகத்தோட வாழ்க்கைய பதிவு பண்ண போற ஸ்டூடண்ட்ஸ், என்ஜிஓ வீடியோ டீம்ல இருக்கறவங்க, இவங்க எல்லாரும் இத ஒருதரம் முழுசா தெரிஞ்சுக்கணும்னு நான் ரொம்ப விரும்புறேன்.

ஊர்க்காரங்க பேரு எதுவும் எழுதல. இறந்துபோனவங்க பேர கொஞ்ச காலத்துக்கு சொல்லாம இருக்கறது அங்க வழக்கம், படத்துல இருந்த பெரியவங்க நெறைய பேரு இப்ப உயிரோட இல்ல.

பின்னணி

போரலூலா ஆஸ்திரேலியாவோட வடக்குல நார்தர்ன் டெரிட்டரில, கார்பென்டேரியா வளைகுடாவுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி மெக்ஆர்தர் ஆத்தங்கரையில இருக்கற சின்ன ஊரு. டார்வின்ல இருந்து ரோட்டுல கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். யான்யுவா, மாரா, கர்வா, குதன்ஜின்னு நாலு மக்கள் அங்க சேந்து இருக்காங்க. யான்யுவா மக்கள் கடலும் தீவுகளும் சார்ந்தவங்க, எதிர்ல இருக்கற சர் எட்வர்ட் பெல்யூ தீவுகள் அவங்க பூமி. அவங்க மொழியில ஆம்பளைங்க பேசற விதம் வேற, பொம்பளைங்க பேசற விதம் வேற. யாரு பேசறாங்கங்கறது வாக்கியத்துலயே தெரிஞ்சிரும், பின்னாடி வரப்போற விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

இன்னொன்னும் இங்கயே சொல்லிடணும். ஒரு நிலத்த பத்தி பேச அங்க ரெண்டு வகை பொறுப்பு உண்டு. அப்பா வழியில அந்த நிலத்துக்கு உரியவங்க ஒரு பக்கம், அவங்கள நிமிரிங்கின்னு சொல்றாங்க. அம்மா வழியில அந்த நிலத்த காவல் காக்கற ஜுங்காயி இன்னொரு பக்கம். உரியவங்களே ஆனாலும் ஜுங்காயி இல்லாம சடங்கு நடத்த முடியாது, அந்த நிலத்தோட கதைய சரியா சொல்றாங்களான்னு பாக்கறது ஜுங்காயி வேலை. அதனால "இந்த இடத்த பத்தி கொஞ்சம் சொல்லுங்க"ன்னு வெளியாள் ஒருத்தர் வழியில பாத்தவர்கிட்ட மைக்க நீட்டினா, அவருக்கு பதில் தெரிஞ்சிருந்தும் சொல்ற உரிமை இல்லாம இருக்கலாம். கேமராவோட வர்ற ஆளுக்கு இது வெளிய தெரியவே தெரியாது.

கேமரா அந்த ஊருக்கு புதுசு இல்ல. 1901 மார்ச்ல தெற்க ஊட்னடாட்டால இருந்து ஸ்பென்சர், கில்லன்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பயணம் கிளம்புனாங்க, சினிமா கேமராவும் ஒலிப்பதிவு பண்ற ஃபோனோகிராஃபும் கொண்டு போனாங்க. மத்திய ஆஸ்திரேலியாவுல சடங்குகள படம் புடிச்சுகிட்டே வந்த அந்த பயணம் முடிஞ்சது போரலூலாலதான், வெளிய போக கப்பல் கிடைக்காம சில மாசம் அங்கயே மாட்டிக்கிட்டாங்க. அந்த படங்கள 1902 ல மெல்போர்ன் டவுன் ஹால்ல பொதுஜனங்களுக்கு போட்டு காட்டுனாங்க. எந்த சடங்க யாரு பாக்கலாம்னு கட்டுப்பாடு வச்சிருக்கற மக்களோட நிகழ்வு அது, எங்கயோ ஒரு நகரத்துல கூட்டத்துக்கு முன்னாடி ஓடுச்சு. அப்புறம் எழுபது எண்பது வருஷமா பூர்வகுடி வாழ்க்கைய பதிவு பண்ண முக்கால்வாசி கேமரா இதே வழியில தான் போச்சு.

1933 ல அந்த பகுதியில ஒரு போலீஸ்காரர் விசாரணைங்கற பேர்ல பூர்வகுடி மக்கள புடிச்சு, அடிச்சு, நடத்தியே கூட்டிட்டு வந்தாரு, அதுல ஒரு பெண் இறந்துபோனாங்க. அந்த காலத்துல போலீஸ்காரரே பல இடங்கள்ல பூர்வகுடி மக்களோட 'பாதுகாவலர்' பதவியும் வச்சிருந்தாரு, அப்ப புகார் யார்கிட்ட போய் சொல்றது. 1953 ல வெல்ஃபேர் சட்டம் வந்துச்சு, 1957 ல 'வார்டு'னு பட்டியல் போட்டு ஆயிரக்கணக்கான பேர அரசாங்கம் தன்னோட கட்டுப்பாட்டுக்குள்ள வச்சுது. எங்க இருக்கணும், யார கல்யாணம் பண்ணலாம், சம்பளத்த என்ன பண்ணலாம்ங்கறது வரைக்கும் அதிகாரி முடிவு. 1976 ல நில உரிமை சட்டம் வந்தப்ப, அதுக்கு கீழ விசாரணைக்கு வந்த முதல் கோரிக்கையே போரலூலாவோடது. நீதிபதி ஜான் டூஹி 1977 ல விசாரிச்சாரு. பக்கத்துல ஈயம், துத்தநாகம் இருக்கறது 1950கள்லயே தெரிஞ்சுபோச்சு, அதனால சுரங்க கம்பெனிக்கும் அந்த பூமி மேல கண்ணு. கேட்டதுல ஒரு பகுதிதான் கிடைச்சுது.

படம் எடுக்க ஊரே கூப்பிட்டது

அலெசாண்ட்ரோ கவாதினி, கரோலின் ஸ்ட்ராச்சன், இவங்க ரெண்டு பேரும் சிட்னி பக்கம் சுயாதீனமா படம் எடுத்தவங்க. கவாதினி 1972 ல நில உரிமை கேட்டு பூர்வகுடி மக்கள் பார்லிமெண்ட் முன்னாடி டெண்ட் போட்டு உக்காந்த கான்பெரா டெண்ட் எம்பசி போராட்டத்த 'நிங்லா அ-நா'ன்னு படமாக்கியிருந்தாரு. அப்புறம் 1957 ல பாம் ஐலண்ட்ல நடந்த ஸ்ட்ரைக்க பத்தி ரெண்டு பேரும் சேந்து 'ப்ரொடெக்டட்' எடுத்தாங்க, அதுல அந்த தீவு மக்களே தங்களுக்கு நடந்தத நடிச்சு காட்டுனாங்க. இந்த படம் போரலூலாவுல திரையிடப்பட்டுச்சு. பாத்தவங்க எங்க கதையையும் இப்படி எடுக்கணும்னு கேட்டாங்க. ஆரம்பமே இங்கதான் வேற மாதிரி இருக்கு. டாபிக் தேடி டைரக்டர் போகல, தேவை இருந்த ஊரு டைரக்டர கூப்பிட்டுச்சு, எத சொல்லணும்ங்கறது அவங்களுக்கு முன்னாடியே தெளிவா இருந்துச்சு. நில உரிமை விசாரணையில தங்க சட்டத்த வெள்ளைக்கார சட்டத்துக்கு புரியற மாதிரி நிரூபிக்க வேண்டி வந்து அப்ப ரொம்ப காலம் ஆகல, அந்த சட்டத்தோட கட்டத்துக்குள்ள அடங்காத விஷயங்கள தங்க வழியில சொல்ல ஒரு இடம் அவங்களுக்கு வேணும்.

போன இடத்துல பாத்தது

ரெண்டு பேரும் சில மாசம் அங்கயே தங்குனாங்க. முதல்ல நடந்தது உறவுமுறையில அவங்களுக்கு ஒரு இடம் குடுத்தது. அங்க ஒவ்வொருத்தரும் இன்னொருத்தருக்கு ஏதோ ஒரு உறவு, உறவு தெரிஞ்சாதான் யார்கிட்ட பேசலாம், யார்கிட்ட விலகி நிக்கணும், யாரு பக்கத்துல உக்காரலாம்னு தெரியும், உறவுல வைக்காத ஒரு ஆள் நடுவுல சுத்திகிட்டு இருந்தா யாருக்கும் எப்படி நடந்துக்கறதுன்னு தெரியாது. இதோட விளைவு நேரா ஷூட்டிங்ல வந்துச்சு, ஏன்னா கேமரா புடிக்கறவரும் சவுண்டு எடுக்கறவரும் இப்ப அந்த உறவோட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவங்க.

ரெண்டாவது, முடிவுகள் எல்லாம் கூட்டத்துல எடுக்கப்பட்டுச்சு. அடுத்து எத எடுக்கறது, எங்க எடுக்கறதுன்னு எல்லாரும் உக்காந்து பேசி தீத்துக்கிட்டாங்க. சிட்டி ப்ரொடக்‌ஷன் ஷெட்யூல் வச்சு பாத்தா இது தாங்காது. ஆனா அங்க முடிவு எடுக்கற வழியே அதுதான், அத சுருக்குனா வர்ற படம் அவங்க படமா இருக்காது.

மூணாவது, தனி ஆளா ஒருத்தர உக்கார வச்சு பேட்டி எடுக்கறது அங்க ஒட்டல. ஒருத்தர் பேசறப்போ சுத்தி இருக்கறவங்க சும்மா கேட்டுகிட்டு இருக்கல, ஆமாங்கறாங்க, விட்டுப்போனத சேக்கறாங்க, அவங்க அங்க உக்காந்திருக்கறதே பேச்சுக்கு சாட்சி. ஆம்பளைங்க ஒரு பக்கமும் பொம்பளைங்க ஒரு பக்கமும் உக்காருவாங்க, அதுலயும் யாரு யாருக்கு பக்கத்துலங்கறது உறவு பாத்து.

எடுத்த முடிவுகள், அதுக்கான காரணம்

லென்ஸ் முடிவுதான் இந்த கேஸ்லயே எனக்கு பெருசா படறது. டெலி லென்ஸ் (தூரத்துல இருக்கறத கிட்ட காட்டற லென்ஸ்) போட்டு தூரத்துல நின்னு எடுத்தா கூட்டத்துல ஒரு முகம் மட்டும் தனியா தெரியும், சுத்தி இருக்கறவங்க மங்கிப்போவாங்க இல்ல வெட்டுப்படுவாங்க. அதவிட முக்கியம், நாம இப்ப ஃப்ரேம்ல இருக்கோமா இல்லையான்னு உக்காந்திருக்கற ஆளுக்கே தெரியாது. ஊர்க்காரங்க அகலமா காட்டற வைட் ஆங்கிள் லென்ஸ தேர்ந்தெடுத்தாங்க. வைட் லென்ஸ்ல எடுக்கணும்னா கேமராக்காரர் கிட்ட வந்தாகணும், தரையில உக்காந்திருக்கற கூட்டத்துக்கு நடுவுல அதே உயரத்துல அவரும் உக்காரணும், அப்ப யார எடுக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பேசறவரோட கூட சாட்சியா இருக்கறவங்களும் ஃப்ரேம்ல இருப்பாங்க. படத்த போட்டு பாருங்க, மண்ணுல வட்டமா ஆளுங்க, ஓரத்துல குழந்தைங்க, ஒருத்தர் பேச ஆரம்பிக்கறாரு, கேமரா மெதுவா பக்கத்து ஆளுகிட்ட போகுது, அங்க இருந்து அடுத்தவங்க, வெட்டு ரொம்ப கம்மி. 16 எம்எம் ல 400 அடி ரீல் ஒன்னு சுமார் 11 நிமிஷம் ஓடும், அந்த நீளத்த முழுசா பேச்சுக்கு குடுத்திருக்காங்க. குளோசப் இல்லாததால உணர்ச்சி கம்மின்னு சிலபேரு சொல்லுவாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். ஒரு முகத்துல கண்ணீர தேடி பழகுன நமக்குதான் அது கொறையா தெரியுது, அந்த மக்களுக்கு ஒரு சொல்லோட எடை அத யாரு முன்னாடி சொன்னாங்கங்கறதுல இருக்கு.

யாரு பேசறதுங்கறது அடுத்தது. ஒரு இடத்த பத்தியோ ஒரு சம்பவத்த பத்தியோ பேச உரிமை இருக்கறவங்கதான் பேசணும், அது உறவும் நிலமும் வச்சு தீர்மானமாகும். நல்லா பேசறவர், கேமரா முன்னாடி கூச்சப்படாதவர்னு ஆள் பொறுக்கறது இங்க இல்ல. நடுவுல குரல் குடுத்து விளக்கற வெளியாளும் கிடையாது. பாக்கற நமக்கு சில இடத்துல இவரு யாரு, இது எந்த வருஷம்னு உடனே புடிபடாது, அந்த கொறைய தெரிஞ்சே ஏத்துக்கிட்டிருக்காங்க.

அப்புறம் நடிச்சு காட்டறது. படம் நாலு பகுதி: போலீஸ் காலம், வெல்ஃபேர் காலம், நிலத்துக்கான போராட்டம், ரெண்டு சட்டத்தோட வாழறது. முதல் பகுதியில 1933 சம்பவத்த ஊர்க்காரங்களே மறுபடி நடத்தி காட்டறாங்க, போலீஸ்காரரா ஒரு வெள்ளைக்காரர் நடிக்கறாரு, அவரு என்ன சொல்லணும், எப்படி நடந்துக்கணும்னு அந்த சம்பவத்த கேட்டு வளந்தவங்க சொல்லிக்குடுக்கறாங்க. இந்த சொல்லிக்குடுக்கறது, நிறுத்தி திரும்ப பண்றது எல்லாத்தையும் எடிட்டிங்ல தூக்காம படத்துலயே விட்டிருக்காங்க. அதனால நாம பாக்கறது 1933 மட்டும் இல்ல, அத 1980 பக்கத்துல ஞாபகத்துல இருந்து எடுத்து அடுத்த தலைமுறைக்கு கைமாத்தற நேரத்தையும் சேத்து பாக்கறோம். அடி வாங்குன மக்களோட வாரிசுங்க அடிச்சவனோட வசனத்த அடிச்சவன் வேஷத்துல இருக்கறவருக்கு சொல்லித்தர்ற அந்த காட்சி, பொறுமையா, சத்தமில்லாம நடக்குது. கோர்ட் ஆவணத்துல எங்கயும் வராத ஒரு விசாரணை அது. ஏன் நடிப்புன்னா, இந்த சம்பவத்துக்கு அவங்க பக்கத்துல இருந்த பதிவு வாய்மொழி மட்டும்தான், பேப்பர்ல இருந்தது எல்லாம் அரசாங்க பக்கம்.

எடுத்த ஃபிலிம் லேப்ல கழுவி திரும்பி வந்ததும் ரஷஸ (எடிட் பண்ணாத ஃபுட்டேஜ) ஊர்லயே போட்டு பாத்தாங்க, பாத்துட்டு பேசுனாங்க. அடையாளம்ங்கறத உடை, நடனம், உடம்புல பூசற வண்ணம்னு தனியா தூக்கி காட்டற ஷாட்டுங்கள தேடுனா ஏமாந்துதான் போவோம். சட்டமும் சடங்கும் அங்க பிரியாதது, ஆனா வெளியாளுக்கு காட்டலாமா கூடாதாங்கற முடிவு அவங்க கையில இருந்துச்சு, காட்டுனதுல எல்லாம் ஒரு காரணம் இருக்கு.

அதுக்கப்புறம் நடந்தது

படம் வெளிய வந்து ஆவணப்பட வட்டாரத்துலயும் மானுடவியல் படிக்கறவங்க மத்தியிலயும் நல்லா பேசப்பட்டுச்சு, பொதுஜனங்க கிட்ட பெருசா போய் சேரல. 130 நிமிஷம், விளக்கக்குரல் இல்ல, நட்சத்திரம் இல்ல, டிவி ஸ்லாட்டுல அடங்காது. தெரியாத படமாவே நின்னுபோனதுக்கு இந்த வடிவமும் ஒரு காரணம், அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த வடிவத்த மாத்தியிருந்தா ஊரு கேட்ட படம் அதுவா இருந்திருக்காது.

ஊருக்குள்ள கேமரா நிக்கல. யான்யுவா மக்கள் தங்க பூமிய நோக்கி நடந்துபோற பயணத்த 1989 ல 'புவரலா அகரியா'ன்னு படமாக்குனாங்க. 1942 டிசம்பர்ல அந்த பக்கம் விழுந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானத்த தேடுன கதையும் அத வச்சு உருவான நடனமும் 1994 ல இன்னொரு படமாச்சு. பின்னாடி மோனாஷ் யுனிவர்சிட்டியோட சேந்து தங்க கதைப்பாடல்கள அனிமேஷனா பண்ணாங்க, அதுலயும் எந்த கதைய வெளிய விடலாம்னு பெரியவங்க பாத்து சொன்னதுதான். வேற ஊர்கள்லயும் இதே காலத்துல பூர்வகுடி மக்கள் கையில மீடியா வர ஆரம்பிச்சிருச்சு, 1980 ல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல காமாங்கற பூர்வகுடி மீடியா சங்கம் தொடங்குச்சு, 1988 ல பூர்வகுடி மக்களோட இம்பார்ஜா டிவி ஒளிபரப்பாச்சு. இதெல்லாம் இந்த ஒரு படத்தால வந்ததுன்னு சொன்னா அது தப்பு, பல ஊர்ல ஒரே நேரத்துல எழுந்த கோரிக்கை அது.

நிலத்தோட கதை இன்னும் கஷ்டமா போச்சு. மெக்ஆர்தர் ஆத்துப்பக்கம் சுரங்கம் 1995 ல ஓட ஆரம்பிச்சுது. 2006 ல அத திறந்தவெளி சுரங்கமா மாத்த, ஆத்தையே சுமார் 5.5 கிலோமீட்டருக்கு திசை திருப்ப அனுமதி குடுத்தாங்க. பூர்வகுடி மக்கள் கேஸ் போட்டு 2007 ல டெரிட்டரி சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க, சில நாள்ல அரசாங்கம் புது சட்டம் போட்டு அந்த தீர்ப்ப செல்லாம ஆக்கிருச்சு. படத்தோட கடைசி பகுதி தலைப்ப இத தெரிஞ்சுகிட்டு மறுபடி படிச்சா நெஞ்சு அடைக்குது.

இன்னைக்கு இதே வேலைய செஞ்சா எத மாத்தணும்

முதல்ல, கேமராவும் எடிட்டிங்கும். அன்னைக்கு கேமரா, சவுண்டு ரெண்டும் வெளிய இருந்து வந்தவங்க கையிலதான் இருந்துச்சு, ஃபிலிம் விலையும் லேப் தூரமும் அப்படி. இப்ப ஒரு ஃபோன்லயே வைட் லென்ஸ் இருக்கு, எடுத்தத அன்னைக்கு சாயங்காலமே போட்டு பாக்கலாம். அதனால முடிவு எடுக்கற உரிமையோட சேத்து கருவி புடிக்கற கைகளும் ஊர்லயே இருக்கணும், வெளியாளு தேவைப்பட்டா கத்துக்குடுக்கற இடத்துல நிக்கட்டும். வேகம் கூடிருச்சுன்னு கூட்டம் போட்டு பேசற நேரத்த கொறைக்கக்கூடாது, ரெண்டும் வேற வேற. போரலூலாவுல நேரம் ஆனது ஃபிலிமால மட்டும் இல்ல.

பாக்கறவங்களுக்கு பின்னணி குடுக்கறதுல நான் கொஞ்சம் வேற முடிவு எடுப்பேன். படத்துக்குள்ள விளக்கக்குரல் வேணாம்ங்கறது சரி. ஆனா திரையிடறப்போ வரலாறு, நிமிரிங்கி ஜுங்காயி பொறுப்பு, நில உரிமை சட்டம் இதெல்லாம் ஒரு ரெண்டு பக்கம் கைல குடுத்தா படம் பாதியில எந்திரிச்சு போற ஆளுங்க கொறைவாங்க, அந்த ரெண்டு பக்கத்தயும் ஊர்க்காரங்க பாத்து ஓகே சொன்னதுக்கு அப்புறம் அச்சடிக்கணும். கல்லூரியில போடறவங்க முதல் பகுதிய மட்டும் போட்டு நிறுத்திடக்கூடாதுங்கறதும் என் அபிப்ராயம், அடி வாங்குன கதை மட்டும் மனசுல நிக்கும், போராடுனதும் வாழறதும் காணாம போயிரும்.

கடைசியா, படத்துல இருக்கறவங்க இறந்தப்புறம் என்ன பண்றதுங்கறது. ஒருத்தர் இறந்தா அவங்க உருவத்தயும் குரலயும் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கறது, எப்ப திரும்ப காட்டலாம்னு குடும்பம் சொல்றது, இத இப்ப ஆஸ்திரேலிய டிவியும் ஆவணக்காப்பகங்களும் படத்துக்கு முன்னாடி எச்சரிக்கை வாசகமா போடறாங்க. வாசகம் போட்டா மட்டும் போதாது. இந்த மாதிரி வேலை தொடங்கறப்பவே மாஸ்டர் காப்பி யாருகிட்ட இருக்கும், எடிட்ல வராத மீதி ஃபுட்டேஜ் எங்க போகும், ஒரு திரையிடல நிறுத்தி வைங்கன்னு சொல்ற உரிமை எந்த குடும்பத்துக்கு, அத யாருகிட்ட சொல்லணும், அடுத்த தலைமுறையில அந்த பொறுப்பு யாருக்கு போகும்னு ஊர் கூட்டத்துல பேசி எழுதி வச்சிடணும். அது முடியற வரைக்கும் கேமராவ வெளிய எடுக்கவே கூடாது.